கோடு போட்ட குவளை

ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா அவர்களே (ஐயாவைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்), ஒரே ராத்திரியில் பந்தல் போட்டுத் தந்த வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிமார்களே, முன்வரிசையில் இருக்கும் பனையேறிப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வெளிநாட்டு பீரையும் நம் ஊர்க் கள்ளையும் வைத்து மூன்று விஷயம் பேச வந்தேன்: அளவு, இடம், சட்டம்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.' தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்குத் தெரியாததா? ஆனால் அதை நான் கண்ணால் பார்த்தது ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில். மகன் கூட்டிப்போனான். செஸ்ட்நட் மர நிழலில் நீள நீளமான பெஞ்சு. தாத்தா முதல் கைக்குழந்தை வரை குடும்பமாக இருக்கிறார்கள். அங்கே பழைய பீர்த் தோட்டங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். மருமகள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் எடுத்து வைத்தாள்.

எனக்கு ஒரு லிட்டர் குவளை வந்தது. கண்ணாடியில் ஒரு கோடு. நுரை அடங்கினதும் பீர் அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் பேசாமல் என் குவளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஏதோ தப்பு செய்துவிட்டோம் போல என்று நான் மகனைப் பார்க்கிறேன், மகன் என்னைப் பார்க்கிறான். திரும்பி வந்தவர் கோட்டைத் தொட்டுக் காட்டினார். சரியாக அதுவரை நிறைந்திருந்தது! தன் குவளை ஒன்றை வைத்துக்கொண்டு அவர் இரண்டு மணி நேரம் பேசியிருந்துவிட்டு, அப்புறம் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இங்கே நம் பிள்ளைகள் கரண்டு கம்பத்துக்குப் பின்னால் நின்று, யாரும் பார்த்துவிடுவார்களோ என்று குவார்ட்டரை ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்கிறார்கள். உட்கார இடமில்லாதவன் எப்படி அளந்து குடிப்பான்? 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.'

அந்த மியூனிக் இருக்கும் பவேரியாவில் 1516-லேயே பீருக்கு பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். நம் கள்ளுக்கு அந்த மூன்றும்கூட வேண்டாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அதை 1987-ல் தடை செய்தோம். பனைதான் நம் மாநில மரம்! கலப்படம் நடக்கும் என்கிறார்கள். கலப்படக்காரனைப் பிடியுங்கள், பனையேறியை ஏன் பிடிக்கிறீர்கள்? செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், கள்ளுக்கடையில் மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் வைத்து உட்கார்த்திக் கொடுக்கிறார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கள்ளுக்கு அனுமதி கேட்கும் மனு பந்தல் வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பனையேறிப் பெரியவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். விடியுமுன் அவர்கள் மரத்தடிக்குப் போகவேண்டும்.