குளத்துக்குப் பன்னிரண்டு மாதமும் ஆள் வேண்டும்

(கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில், ஊர்க் குளத்தைப் பராமரிக்கும் தொண்டர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வயலில் சிறுபோகம் நிற்கிற நேரம். தண்ணீர் முறை பார்க்க வேண்டியவர்கள், மாட்டுப் பட்டியை வேறொருவர் பொறுப்பில் விட்டு வந்தவர்கள், கைப்பிள்ளையோடு வந்திருக்கிற அம்மாமார், கமநல சேவை நிலையத்திலிருந்து வந்த உத்தியோகத்தர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

கார்த்திகை, மார்கழியில் குளம் வான் பாய, அதாவது நிறைந்து மிகுதித் தண்ணீர் வழிகிற வாயால் பாய, தொடங்கினால் ஊரே குளக்கட்டில்தான். மோட்டார் சைக்கிள் விட இடமிருக்காது. ஒரு பக்கம் தூண்டில், ஒரு பக்கம் வீச்சுவலை, எல்லார் கையிலும் போன். நல்லதுதான், குளம் நிறைவதைப் பார்த்து மனம் நிறையாத ஆள் வன்னியில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் குளத்துக்கு நாம் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஊறிப்போன கட்டில் மண்வெட்டி வைக்க முடியாது, உழவு இயந்திரம் ஏற்ற முடியாது. கட்டு தாங்குமா, உடையுமா என்பது அதற்கு மூன்று மாதம் முன்னரே, ஆவணியிலும் புரட்டாதியிலும் முடிவாகிவிடும். அந்த மாதங்களில் கட்டுக்கு வருவது மாடுகளும் நாலைந்து பேரும்தான். இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான்.

நம்முடைய கட்டு மண்கட்டு. வெள்ளம் பெரிதாக வந்ததால் உடைந்தது என்று பிறகு சொல்லுவோம். பெரும்பாலும் வெள்ளத்துக்கு முன்னரே அதன் உள்ளே ஒரு வழி இருந்திருக்கும். கறையான் புற்று, எலி வளை, முள்ளம்பன்றி தோண்டிய பொந்து. அப்புறம், தானாக முளைத்த மரம். நிழல் தருகிறதே என்று அதை விட்டுவிடுகிறோம். ஒரு நாள் அது பட்டுப்போகும். வேர் உக்கிய பிறகு வேர் ஓடிய பாதையெல்லாம் வெறும் குழாயாகிவிடும், தண்ணீர் அந்தக் குழாயைத் தேடிப் பிடித்துவிடும். ஆகவே கட்டில் முளைக்கிற மரத்தைக் கன்றிலேயே பிடுங்குங்கள். ஏற்கெனவே பெருத்துவிட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம், வெட்டிய நாளிலிருந்துதான் வேர் உக்கத் தொடங்கும். தெரிந்த உத்தியோகத்தரைக் கூட்டிவந்து காட்டி, அவர் சொல்லுகிறபடி செய்வோம். மரம் நட ஆசைப்படுகிறவர்களுக்குக் குளத்தின் மேற்பக்க ஓரம் இருக்கிறது. மருது, நாவல் அங்கே நன்றாக வரும், காற்றையும் தடுக்கும், வந்து சேருகிற மண்ணையும் பிடிக்கும்.

கட்டின் வெளிப்பக்க அடியில் ஈரம் கண்டால் என்ன செய்வது? மண்கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, ஒரே அளவில் வந்தால், இடத்தைக் குறித்துவைத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் அது கட்டின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கண்ணால் சொல்ல முடியாவிட்டால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பிறகு ஆட்டாமல் ஓரிடத்தில் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இரவு என்றால் கிராம அலுவலரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். போன மாரியில் கசிவை முதலில் கண்டு ஓடிவந்து சொன்னது மாடு சாய்த்துக்கொண்டு போன ஒரு பொடியன். அவன் வீட்டுக்கு இந்தக் குளத்தின் கீழ் ஒரு பரப்பு வயல்கூட இல்லை.

அதனால்தான் இந்தச் சங்கம் தேவை என்று நினைக்கிறேன். சிலர் கேட்கிறார்கள், வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்பு இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்று. நியாயமான கேள்வி. 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரைக்கும் பாய்ச்சுகிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த அமைப்பை நாம் மதிக்கிறோம், அதன் வேலையில் குறுக்கே போக மாட்டோம். அந்தக் காலத்தில் வயல் பங்குக்கு ஏற்பக் கட்டிலும் பங்கு பிரித்து, வயல், தண்ணீர் வேலைகளுக்குப் பொறுப்பான வயல் விதானையார் முன்னுக்கு நின்று வேலை வாங்குவார். 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய்விட்டது. இன்று குளத்தை நம்பி இருப்பவர்கள் வயல்காரர் மட்டுமா? குளிக்கிறவர்கள், துணி தோய்க்கிறவர்கள், மாடு வைத்திருப்பவர்கள், தாமரை பறிக்கிறவர்கள், நன்னீர் மீன் பிடித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 1952இல் திலாப்பியாவை இந்த நாட்டுக் குளங்களில் விட்ட பிறகு மீன்பிடி ஒரு முழுத் தொழிலாகவே வளர்ந்தது. கட்டுக்குக் கீழே இருக்கிற கிணறு ஒவ்வொன்றிலும் ஊறுவது குளத்துத் தண்ணீர்தான். குளம் வற்றினால் கிணற்றில் கயிறு நீளும். அது வயல் இல்லாத வீட்டுப் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். இவர்கள் எல்லாரும் உட்கார ஒரு பாய் வேண்டும், அதுதான் இந்தச் சங்கம்.

அடுத்தது வான். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். வானில் மண்மூட்டை அடுக்கி இன்னும் அரை அடி தண்ணீர் பிடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. குறுக்கே வலை கட்டுவதும் இருக்கிறது, அந்த வலையில் செத்தை வந்து அடைந்தால் அதுவும் ஒரு சுவர்தான். 2018 மார்கழியில் ஒரே இரவில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளம், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளில். 1902இல் வேலை தொடங்கிக் கட்டிய, எஞ்சினியர்மாரும் இரும்புக் கதவுகளும் இருக்கிற பெருங்குளத்துக்கே அந்த நிலை என்றால், கதவே இல்லாத நம்முடைய சிறு குளத்தின் வானை அடைத்துவைத்துவிட்டு எப்படித் தூங்குவது? ஐப்பசி பிறந்ததும் வான் வெறுமையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

நம் குளம் தனியாகவும் இல்லை. மேலே காட்டுக்குள் சின்னக் குளங்கள் இருக்கின்றன. ஒன்று நிறைந்து வழிந்து அடுத்ததற்கு வருகிறபடி முன்னோர் அமைத்த வரிசை அது. இலங்கையின் உலர் வலயத்துத் தொடர் குளங்களை 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது. பெருமைதான். ஆனால் அந்த மேல் குளங்களை நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? இடப்பெயர்வுக்குப் பிறகு 2010இல் திரும்பி வந்தபோது கண்ணிவெடி அகற்றும் வரைக்கும் அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. பிறகு பழக்கம் விட்டுப்போனது. மேலே ஒரு கட்டு முறிந்து கிடந்தால் நிறுத்தி நிறுத்தி வரவேண்டிய தண்ணீர் ஒரேயடியாக வரும், வரும்போது மண்ணையும் கொண்டுவந்து நம் குளத்தில் கொட்டும். ஆடிக்குள் மூத்தவர்கள் சிலரை முன்னே விட்டு அந்தக் குளங்களை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். யானை நிற்கிற இடம், ஆகவே கூட்டமாகவும் பகலிலும் மட்டும்.

தூர் வாருவது பற்றி. பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து தோண்டித் தருகிறோம், மண்ணை மட்டும் நாங்கள் எடுக்கிறோம் என்று ஆட்கள் வருவார்கள். கட்டுக்குக் கிட்ட ஒரு வாளி மண்ணும் எடுக்க விடாதீர்கள். குளத்தின் அடியில் காலகாலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்குகிறது, அதை உடைத்தால் தண்ணீரை நிலம் குடித்துவிடும். அதே நேரம், தூர் வாராமல் கட்டை மட்டும் உயர்த்திக்கொண்டு போவதும் சரியில்லை. தண்ணீர் ஆழப்படாமல் பரந்து நின்று வெயிலுக்குப் போய்விடும். மேற்பக்கத்தில், அளந்து, திணைக்களத்தின் அனுமதியோடு, மண் எங்கே போகிறது என்று நாம் எழுதிவைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

நீர்க்களை பற்றி ஒரு வார்த்தை. ஆற்றுவாழைக்கு எதிராக 1909இலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். சல்வீனியா 1939இல் வந்து சேர்ந்தது. இரண்டும் இன்னும் நம்மோடு இருக்கின்றன, ஏனென்றால் ஒரு நாள் சிரமதானத்தில் அள்ளிக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அடுத்த மழை அதைத் திரும்பக் குளத்துக்குள் தள்ளும். கரையிலிருந்து தூரமாக ஏற்றிக் குவித்துப் பசளையாக்க வேண்டும், சின்னத் துண்டு கண்டாலும் எடுக்க வேண்டும். கிருமிநாசினி தெளித்த தாங்கியைக் குளத்தில் கழுவுவதை இன்றோடு விடுங்கள். கட்டில் பார்சல் சாப்பிட்டால் லஞ்ச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் உதவி செய்ய முன்வருகிறார்கள். அவர்களுடைய மனதுக்கு நன்றி. ஆனால் குளக்கட்டில் வளைவு கட்ட, உட்காரச் சீமெந்து வாங்கு போட என்று பணம் வந்தால் சங்கம் மரியாதையாக மறுக்க வேண்டும் என்பது என் கருத்து. புல் வெட்டும் இயந்திரத்துக்கும் அதற்கு வருடம் முழுக்க எண்ணெய்க்கும் கேளுங்கள். பெண்கள் குளிக்கிற துறையில் உடைந்த படியைத் திருத்தக் கேளுங்கள்.

செயலாளரிடம் ஒரு கொப்பி இருக்கிறது, மாதத்துக்கு ஒரு பக்கம். கார்த்திகைப் பக்கம் இப்போதே நிரம்பிவிட்டது. ஆவணிப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தேநீர் குடிக்கும்போது அந்தப் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். மண்வெட்டி சங்கத்தில் இருக்கிறது. காட்டுக்கத்தியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.