ட்ரிப்: ஒரு சொல்லின் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். கதைகளையும் கவிதைகளையும் விட, இயந்திரங்களோடும் வீட்டுச் சாதனங்களோடும் வரும் கையேடுகளைத்தான் அதிகம் தமிழாக்கியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொருவர் செய்த தமிழாக்கம் ஒன்று சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தது. வீட்டு மின்பெட்டியில் பொருத்தும், மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனத்துக்கான கையேடு அது. அதில், ‘சாதனம் பயணம் செய்தால், காரணத்தை அறியாமல் மீண்டும் இயக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. சுவரில் திருகி மாட்டிய பெட்டி எங்கே பயணம் போகும்? மூலத்தில் இருந்த சொல் ‘ட்ரிப்’. அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டார்கள். ஆபத்தை எச்சரிப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியத்தைப் படிப்பவர், எதை எச்சரிக்கிறார்கள் என்றே தெரியாமல் கடந்து போவார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தச் சொல்லின் பின்னால் என்னைப் போக வைத்தது.

‘ட்ரிப்’ பிறந்தபோது அதற்கும் ஊர்ப் பயணத்துக்கும் தொடர்பில்லை. அது காலைப் பற்றிய சொல். பழைய பிரெஞ்சு மொழியில் துள்ளுவது, ஆடுவது, காலால் தட்டுவது என்ற பொருள்களில் வழங்கிய வினைச்சொல் ஒன்று ஆங்கிலத்துக்குள் வந்தது. அதன் மூலவேர் டச்சு, ஜெர்மன் மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றைய ஜெர்மனிலும் சின்னச் சின்ன அடிகளாக விரைந்து நடப்பதைக் குறிக்க அதன் உறவுச்சொல் ஒன்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், தம் கதையொன்றில் வரும் இளைஞனை இருபது விதமாக ‘ட்ரிப்’ செய்து ஆடத் தெரிந்தவன் என்று சொல்கிறார். அங்கே அந்தச் சொல்லுக்கு நளினமாக அடியெடுத்து வைப்பது என்றுதான் பொருள்.

எட்டி எட்டி அடிவைக்கும் கால் எங்காவது தட்டவும் செய்யும். ஆகவே அதே சொல் தடுக்குவதையும் குறித்தது. பிறரைத் தடுக்கி விழவைப்பதையும் குறித்தது. ஆடுவதும் இடறுவதும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது விந்தை என்று எனக்கு முதலில் தோன்றியது. காலை நினைத்துப் பார்த்த பிறகு அதில் விந்தை ஏதுமில்லை என்று புரிந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், நாடகக்காரர்களிடம் வசனத்தை நாவில் ‘ட்ரிப்’ ஆகும்படி சொல்லுங்கள் என்று கேட்கும்போது, தங்குதடையின்றி, துள்ளலாகப் பேசும்படி கேட்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் தம் சொற்களின் மேலேயே ‘ட்ரிப்’ ஆனார் என்றால், அவர் நாக்குழறினார் என்று பொருள். நேர் எதிரான இரண்டு பொருள்களையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. கால் இடறுவதைத் தவறு செய்வதற்கு உவமையாக்குவது நமக்கும் புதிதல்ல. ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். நம்பிக்கைத் துரோகத்தைக் காலை வாரிவிடுவது என்கிறோம்.

பயணம் என்ற பொருள் பின்னால் வந்தது. அது கப்பலோட்டிகளின் பேச்சில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அகராதியாளர்கள் பலரின் கருத்து. நீண்ட கடற்பயணத்துக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருந்தது; துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் சிறிய ஓட்டமே ‘ட்ரிப்’. போனால் திரும்பி வர வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் குறிப்பு. தமிழ்நாட்டில் நாம் அதை எடுத்துக்கொண்டபோது இந்தக் குறிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் காலையில் எத்தனை ட்ரிப் அடித்தார் என்று கணக்குப் பார்க்கிறார். தண்ணீர் லாரிக்கு ட்ரிப் கணக்கில் பணம் கொடுக்கிறோம். வாடகைக் கார் ஓட்டுநர் புறப்பட்ட நேரத்தையும் கிலோமீட்டரையும், வந்து சேர்ந்த நேரத்தையும் கிலோமீட்டரையும் ட்ரிப் ஷீட்டில் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார். வாடகையும் பேட்டாவும் அந்தத் தாளை வைத்தே கணக்காகின்றன. குடும்பத்தோடு கொடைக்கானல் போனாலும் அதே சொல்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். மருத்துவமனையில் ‘ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்’ என்று சொல்கிறோம் அல்லவா, அது இந்தச் சொல் அல்ல. சொட்டுச் சொட்டாக விழுவதைக் குறிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல் அது. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வல்லொலியா மென்மையான ஒலியா என்பதை வைத்து இரண்டும் வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே டகரம் என்பதால், எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இனி மின்பெட்டிக்கு வருகிறேன். பழைய இரும்புப் பட்டறைகளில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெரிய சம்மட்டிகள் இருந்தன. சுழலும் உருளையில் பற்கள் போலத் துருத்தி நிற்கும் கட்டைகள் சம்மட்டியின் காம்பை அழுத்தி அதன் தலையை உயர்த்தும். குறிப்பிட்ட இடத்தில் கட்டை காம்பைவிட்டு நழுவும். சம்மட்டி தன் எடையாலேயே கீழே விழுந்து இரும்பை அடிக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சம்மட்டிக்கு ‘ட்ரிப்’ சம்மட்டி என்றே பெயர். பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்று விடுபட, தாங்கப்பட்டிருந்த ஒன்று சட்டென்று விழுவது என்ற பொருள் இப்படித்தான் இயந்திர உலகத்தில் காலூன்றியது. எம்.சி.பி.யின் உள்ளே நடப்பதும் இதுவே. நாம் விசையை மேலே தள்ளும்போது ஒரு சுருள்வில் இறுக்கப்படுகிறது. சிறிய கொக்கி ஒன்று அதை அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் சிறிது நேரம் தொடர்ந்து பாய்ந்தால், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு சூடேறி வளைந்து கொக்கியைத் தட்டுகிறது. கம்பிகள் நேரடியாக உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், தகடு சூடேறும்வரை காத்திருக்க நேரமில்லை. மின்காந்தச் சுருள் ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் அதே கொக்கியைத் தட்டிவிடுகிறது. கொக்கி நழுவியதும் வில் விடுபட்டு இணைப்பைப் பிரித்துவிடுகிறது. ஒரு காலைத் தட்டிவிட்டால் ஆள் விழுவது போலத்தான் இதுவும். மின்கசிவிலிருந்து நம்மைக் காக்கும் சாதனமும் இப்படியே விழும். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் வேறுபாடு 30 மில்லிஆம்பியரைத் தொடுவதற்குள் அது விடுபட்டுவிட வேண்டும் என்பது வீடுகளுக்கு வழக்கமாகக் கொள்ளும் அளவு.

இந்தச் சிறிய செயல் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில், அளவுக்கு மீறிய சுமையைச் சுமந்துகொண்டிருந்த பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் ட்ரிப் ஆனது. அது சுமந்த மின்சாரம் அடுத்த தடங்களுக்குப் பாய, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வட இந்தியா இருளில் மூழ்கியது. மறுநாள் மீண்டும் அதே நிலை ஏற்பட்டது. இம்முறை கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி மின்சாரத்தை இழந்தது.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆல்பர்ட் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர், தாம் 1938இல் உருவாக்கிய எல்.எஸ்.டி. என்ற பொருளை 1943 ஏப்ரல் 19 அன்று தாமே உட்கொண்டு பார்த்தார். தலை சுற்றவே, உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீடு திரும்பினார். வழியெல்லாம் காட்சிகள் நெளிந்து தெரிந்தன. அமெரிக்க இளைஞர்கள் அத்தகைய போதை மயக்கத்தை ‘ட்ரிப்’ என்று அழைக்கத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். பிறர் மனத்தில் குற்ற உணர்ச்சியைக் கிளறுவதற்கும், தற்பெருமையில் மிதப்பதற்கும் அச்சொல்லோடு சேர்த்து ஆங்கிலத்தார் வழங்கும் தொடர்கள் அந்த மனமயக்கப் பொருளிலிருந்து கிளைத்தவை.

இவ்வளவையும் தமிழில் தாங்கும் ஒரு சொல் உண்டா? பயணம் அல்ல, அது போவதை மட்டும் சொல்கிறது. சங்க காலத்தில் பயணத்தைச் ‘செலவு’ என்றார்கள். பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியைத் தேற்றுவதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்குதல் என்றார்கள். அந்தச் செலவு இன்று பணக்கணக்கில் போய் அமர்ந்துவிட்டது. எனக்குத் தோன்றும் சொல் ‘நடை’. ‘லாரி இன்றைக்கு மூன்று நடை அடித்தது’, ‘ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று நம் கிராமங்களில் இன்னும் பேசுகிறார்கள். போய்வரும் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. அதுவும் காலிலிருந்து கிளம்பிய சொல்தான். காலிலிருந்து எழுத்துக்குப் போய் உரைநடையானது. தாளத்துக்குப் போய் மூன்றும் நான்கும் ஐந்துமாக எண்ணப்படும் திஸ்ர நடை, சதுஸ்ர நடை, கண்ட நடை என்று ஆனது. கோயில் வாசலுக்குப் போய், நடை திறந்தார்கள், நடை சாத்தினார்கள் என்று ஆனது. ‘ட்ரிப்’ என்ற சொல்லைத் தமிழாக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, இங்கே கால் என்ன செய்கிறது என்பதுதான்: துள்ளுகிறதா, போய்த் திரும்புகிறதா, தட்டுகிறதா?

அந்தக் கையேட்டில் நடை உதவாது. அங்கே கால் தட்டுகிறது. என்ன எழுதுவது என்று இரண்டு நாள் தவித்தேன். எங்கள் வீட்டு வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியனிடம் மின்பெட்டியைக் காட்டி, இது அடிக்கடி இப்படி ஆகிறதே என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “லோடு தாங்காம விழுந்துடுது சார். விழுந்த உடனே தூக்கி விடாதீங்க” என்றார். அன்று மாலையே கையேட்டின் அந்த வரியைத் திருத்தினேன்: ‘விசை தானாகக் கீழே விழுந்தால், காரணத்தைக் கண்டறியாமல் மீண்டும் மேலே தள்ள வேண்டாம்.’

நன்றி. வணக்கம்.