காற்று நிற்கவில்லை, ஆனாலும் கரண்ட் போனது

[திரையில்: கருத்த வானம், வளைந்து கிடக்கும் மின்கோபுரம்]

2016 செப்டம்பர் 28, சாயங்காலம் நாலேகால் மணி இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க ஒரே அடியாகக் கரண்ட் போனது. சுமார் 8.5 லட்சம் இணைப்புகள், அடிலெய்ட் நகரத்து டிராஃபிக் சிக்னல் உட்பட. அந்த வருஷம் மே மாதம்தான் அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியிருந்தார்கள். கேட்கவா வேண்டும்? 'காற்றாலைக் காத்தாடியை நம்பினால் இப்படித்தான்' என்று அரசியல்வாதிகள் சிலர் உடனே கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் அன்று காற்றுக்குப் பஞ்சமே இல்லை! சுழல்காற்று அடித்து 20-க்கும் மேற்பட்ட டவர்கள் சாய்ந்தன. லைன்கள் பழுதாகப் பழுதாக, இரண்டே நிமிடத்தில் ஆறு தடவை வோல்டேஜ் சரிந்தது. வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும்போது ட்யூப்லைட் ஒரு கணம் மங்கித் தெளியுமே, அதையே மாநில அளவில் யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: காற்றாலை, அருகே எண்ணிக்கை ஓடுகிறது]

இங்கேதான் சிக்கல். வோல்டேஜ் சரிந்தால் காற்றாலை தாக்குப்பிடித்து மறுபடி நிமிர வேண்டும். சில காற்றாலைகளிலோ, 'இரண்டு நிமிடத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் போனால் ஒதுங்கிக்கொள்' என்று உள்ளேயே ஒரு செட்டிங். கிரிட்டை, அதாவது மாநிலத்தின் மின்கட்டமைப்பை, நடத்துகிறவர்களுக்கே அது தெரியாது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போக, அந்தப் பள்ளத்தை நிரப்ப பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் லைனில் கரண்ட் பாய்ந்து வந்து, சுமை தாங்காமல் அதுவும் ட்ரிப் ஆனது. கதை முடிந்தது.

செட்டிங்கை மாற்றினார்கள், சரி. ஆனால் அது மட்டும் போதாது. ஃபேன் சுவிட்சை அணைத்த பிறகும் இறக்கை கொஞ்ச நேரம் சுற்றுமே, பழைய மின்நிலையத்தில் பல டன் எடையுள்ள சுழலி அப்படிச் சுற்றிக்கொண்டே, கரண்டின் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை என்ற துடிப்பு, சட்டென்று விழாமல் பிடித்துக்கொள்ளும். சோலார் பலகையில் சுற்ற என்ன இருக்கிறது? அதனால் 2021-இல் எரிபொருளே இல்லாமல் சும்மா சுற்றும் நான்கு ராட்சத எந்திரங்களை வைத்தார்கள். அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வந்துவிட்டது. '100 நாளில் முடிக்காவிட்டால் இலவசம்' என்று எலான் மஸ்க் பந்தயம் கட்டினாரே, அதுதான்.

[திரையில்: இரவு, வரிசையாக வெள்ளைப் பெட்டிகள்]

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நள்ளிரவு சுமார் இரண்டு மணிக்கு, 560 மெகாவாட் சட்டென்று நின்றது. பேட்டரி கண் இமைப்பதற்குள் ஏழு மெகாவாட் போலத் தள்ளிக் கைகொடுத்தது, சின்ன அளவுதான். நின்றது காற்றாலை இல்லை, விக்டோரியாவில் இருந்த ஒரு நிலக்கரி யூனிட்.