ஹைப்போவா, ஹைப்பரா?

அவையோருக்கு வணக்கம்.

“எனக்குத் தைராய்டு இருக்கு” என்று சொல்பவர் இல்லாத தெரு இன்று இல்லை. தைராய்டு நோயல்ல, கழுத்தின் முன்புறம் நம் எல்லோருக்கும் இருக்கிற சுரப்பி. 1656-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரைச் சூட்டினார். நோய் என்னவென்று சொல்வது அதற்கு முன்னால் வந்து ஒட்டும் சின்னச் சொல்: ஹைப்போவா, ஹைப்பரா? அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரண்டும் கிரேக்கம். ஹைப்போ என்றால் கீழே, குறைவாக. ஹைப்பர் என்றால் மேலே, மிகுதியாக. வடமொழியின் உப, உபரி இவற்றுக்கு உடன்பிறப்புகள். அணை நிரம்பினால் ‘உபரி நீர் திறப்பு’ என்று செய்தி வாசிக்கிறார்களே, அந்த உபரியும் இந்த ஹைப்பரும் ஒரே வேரில் முளைத்தவை!

ஹைப்போ இடத்தையும் காட்டும். தோலுக்கு அடியில் போடும் ஊசி ஹைப்போடெர்மிக். ஹைப்போகாண்ட்ரியா என்பது விலாக் குருத்தெலும்புக்குக் கீழுள்ள வயிற்றுப் பகுதி. மனவாட்டம் அங்கேதான் பிறக்கிறது என்று அக்கால வைத்தியர்கள் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, இல்லாத நோயை இருப்பதாக எண்ணி அஞ்சுவதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இனி லேப் ரிப்போர்ட்டுக்கு வருவோம். டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், 12 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ‘கூடியிருக்கிறதே, அப்படியானால் ஹைப்பர்’ என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில் சுரக்கிறது. தைராய்டு மந்தமானால், “இன்னும் சுர, இன்னும் சுர” என்று பிட்யூட்டரி அதட்டுகிறது. அந்த அதட்டலின் அளவுதான் டி.எஸ்.எச். ஆகவே அது ஏறியிருந்தால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது, அதாவது ஹைப்போ.

ஹைப்போவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை, தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோன்தான் அது. ஹைப்பருக்குச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் கார்பிமசோல். அக்காவுக்கும் தைராய்டு, எனக்கும் தைராய்டு என்று மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிடாதீர்கள், தாய்மார்களே. ஏற்கெனவே மிகுதியாகச் சுரக்கும் உடம்பில் தைராக்ஸினும் சேர்ந்தால் இதயம் படபடக்கும், துடிப்பின் தாளமே தப்பலாம்.

ஹைப்போ உள்ள பெண் கருவுற்றால் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்ஸினை நம்பியிருக்கிறது. பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். கரு உறுதியானதுமே டாக்டரைப் பாருங்கள்.