மேசைக் கணினிக்குப் பொருந்தும் ரேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வணக்கம். கணினிக்கு எந்த ரேம் பொருந்தும் என்பதை முதலில் தீர்மானிப்பது, எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் முதன்மைப் பலகையான மதர்போர்டு. ஆகவே ரேமைத் தேடத் தொடங்குவதற்கு முன், விண்டோஸில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, ‘பேஸ்போர்டு புராடக்ட்’ என்ற வரியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேமைச் செருகும் ஸ்லாட்டுகள் எத்தனை உள்ளன, அவற்றில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதை டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம் காட்டிவிடும்.

[திரையில்: டிடிஆர்4, டிடிஆர்5 ரேம்கள் அருகருகே]

இந்த இரண்டு ரேம்களையும் பாருங்கள். ஒன்று டிடிஆர்4 வகை, மற்றொன்று அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5. இரண்டிலும் 288 பின்கள், நீளமும் ஒன்றே. ஆனால் கீழ்விளிம்பில் உள்ள வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. டிடிஆர்4 ரேம் 1.2 வோல்ட் மின்னழுத்தத்திலும், டிடிஆர்5 ரேம் 1.1 வோல்ட் மின்னழுத்தத்திலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைந்துவிடாதபடி வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ரேம் ஸ்லாட்டில் உட்கார மறுத்தால், அழுத்துவதை நிறுத்திவிட்டு வெட்டைப் பாருங்கள்.

ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) கொண்ட ஏஎம்டி கணினிகளுக்கு டிடிஆர்4. ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இரண்டு வகைகளையும் ஏற்பவை என்பதால்தான் இங்கே குழப்பம் வருகிறது. பிராசசர் ஏற்றாலும், மதர்போர்டில் எந்த வகை ஸ்லாட் உள்ளதோ அந்த வகையைத்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய சர்வர் ரேம்களில் ‘ரெஜிஸ்டர்டு’ என்று குறிப்பிட்டிருந்தால், சாதாரண மேசைக் கணினியில் அது இயங்காது.

ஒரு ஸ்லாட்டுக்கும் மொத்தமாகவும் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதை மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பெட்டியில் 3200 (நொடிக்கு 3200 மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) என்று அச்சிட்டிருந்தாலும், ரேமைப் பொருத்திய உடனே அந்த வேகம் கிடைத்துவிடும் என்பதில்லை. பல டிடிஆர்4 ரேம்கள் 2133 அல்லது 2400 என்ற அடிப்படை வேகத்தில்தான் தொடங்கும். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். அதன் பிறகு, ரேமின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று தெரிந்தால் கவலை வேண்டாம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு பரிமாறப்படுவதால், அதுவே 3200 ஆகும்.

வேகத்துடன் சிஎல் எண்ணையும், அதாவது கேட்ட தரவைத் தரத் தொடங்க ரேம் எடுக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையையும், சேர்த்துப் பாருங்கள். 3200 வேகமும் சிஎல் 16-ம் கொண்ட ரேமின் தாமதம் 10 நானோநொடி. 6000 வேகமும் சிஎல் 30-ம் கொண்ட ரேமுக்கும் அதே 10 நானோநொடிதான். தரவை அள்ளித் தரும் அளவில் இரண்டாவது முந்தும். ஆனால் பெரிய சிஎல் எண்ணைக் கண்டு அது மந்தமானது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

[திரையில்: நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட மதர்போர்டு]

பழைய ரேமுடன் புதியதைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், பல நேரம் இயங்கும். ஆனால் வேகம் குறைந்த ரேமின் அளவுக்கு மற்றதும் இறங்கிவிடும். ஒரே பிராண்டு, ஒரே மாடல் என்றாலும் உள்ளிருக்கும் சிப்புகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், ஒத்துப்போகும் என்ற உறுதி கிடையாது. பழையதைக் கழற்றிவிட்டு, ஒன்றாகச் சோதித்து ஒரே பெட்டியில் விற்கப்படும் ஜோடியை வாங்குவதே என் பரிந்துரை. டிடிஆர்5-இல் நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் வேகம் கணிசமாகக் குறையக்கூடும் என்பதால், அங்கே இரண்டு ரேம்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்த ஜோடியை, நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, தாழ் ‘டக்’ என்று விழும்வரை இரு முனைகளையும் சீராக அழுத்துங்கள். டிடிஆர்5 என்றால், முதல்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள மதர்போர்டுக்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

விண்டோஸ் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணாமல், ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை நிறுத்திவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போதும் பிழை நீடித்தால், ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக ஒரே ஸ்லாட்டில் பொருத்திப் பார்த்து, பழுதானது எது என்று கண்டறிந்து, மாற்றித் தரும் காலவரம்பு முடிவதற்குள் முழு ஜோடியையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.