விளக்கு எரிந்த வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் யாரோ நின்று பழைய வேட்டியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி, 'கிரீஈஈச்' என்று நீளமாக. நான் இங்கே வாயால் போட்டுக் காட்டினால் உங்களுக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூரைமேல் அதைக் கேட்டால் சிரிப்பதில்லை. 'சாக்குருவி கத்துகு' என்று எழுந்து, கட்டிலில் கிடக்கும் பெரியவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார்கள்.

சத்தத்துக்குச் சொந்தக்காரர் கூகை. வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம் கொண்ட ஆந்தை.

நான் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மேடை கிடைத்தால் மூடநம்பிக்கையை அடித்துத் துவைக்கிற பழக்கம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. தேரூர்ப் பக்கம் ஒரு நூலக விழாவில், ஆந்தைக்கும் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதை நம்புகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்று அரைமணி நேரம் முழங்கினேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கி வரும்போது ஒரு ஆச்சி வழியை மறித்துக்கொண்டார்.

"சாரே, எங்க வீட்டு ஆளு கெடப்புல கெடந்த மூணு ராத்திரியும் அது வந்து வேப்பமரத்துல இருந்துது. நாலாம் நாளு அவரு போயிட்டாரு. நா காதால கேட்டேன். அப்போ நா பொய்யா சொல்லுகேன்?"

என்னிடம் பதில் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆச்சி பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்படியானால் நான் சொன்னதில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். ஆச்சி சொன்னது ஊர் முழுக்க எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிற காலம். விடிய விடிய வெளிச்சம் இருக்கிற ஒரே வீடு, நோயாளி கிடக்கிற வீடு. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி வரும். இரண்டையும் பிடிக்கப் புள்ளி ஆந்தை வரும். ஆள் வருவதும் போவதும், கஞ்சி வைப்பதும் சோறு சிந்துவதுமாக இருக்கிற வீட்டுக்கு எலி வரும், எலிக்குக் கூகை வரும். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் விழித்திருந்ததும் அந்த வீட்டில்தான். மற்ற வீட்டுக் கூரைகளில் அது வருடம் பூராவும் கத்தியிருக்கும். யார் கேட்டார்கள்?

ஆக, ஆச்சி பார்த்ததும் கேட்டதும் சரி. எதனால் எது என்பதுதான் இடம் மாறிப்போயிருந்தது. மறுவாரம் தேடிப்போய் இதைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பிடியும் இருக்கலாம்" என்றார். அந்த 'லாம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றோடு முழக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு மிருகத்தைப் பற்றி யாராவது பொல்லாத கதை சொன்னால், இதற்குள் இவர்கள் கண்ணால் பார்த்தது எது என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். ஏதாவது ஒன்று கிடைக்காமல் போவதில்லை.

கூகையைப் பார்த்துப் பயப்படாத தமிழரும் இருந்திருக்கிறார்கள். நற்றிணையில் 83ஆம் பாட்டில் ஒரு தோழி, ஊர்வாயில் பழைய மரத்தில் இருக்கும் கூகையிடம் பேரம் பேசுகிறாள். காதலன் ராத்திரி வரும் நேரத்தில் குழறி ஊரை எழுப்பிவிடாதே, உனக்கு நெய்ச்சோறும் இறைச்சியும் சுட்ட எலியும் தருகிறோம் என்கிறாள். சுட்ட எலி! அதற்கு எது பிடிக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பழகிய அண்டை வீட்டாரிடம் பேசுவது போலப் பேசுகிறாள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தில், ஓட்டுக்குக் கீழே ஒரு ஜோடி கூகை இருந்தது. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இது எதற்கு, விரட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில் தரையில் கிடந்த கறுப்பு உருண்டைகளைப் பையன்களை விட்டுப் பொறுக்கச் சொன்னேன். பாதி நெல்லிக்காய் அளவிலும் மீதி கோழிமுட்டை அளவிலும் இருந்தன. பார்ப்பவர்கள் எச்சம் என்று நினைப்பார்கள். எச்சம் இல்லை. கூகை எலியை முழுசாக விழுங்கும். எலும்பும் மயிரும் செரிக்காது. அதை உருட்டி வாய்வழியாகத் துப்பிவிடும்.

தண்ணீரில் ஊறவைத்து, குண்டூசியால் பிரித்தோம். மயிரை விலக்க விலக்க ஒவ்வொன்றாக வந்தது. மண்டையோடு, தாடை, மஞ்சள் பாரித்த முன்பல், தீக்குச்சியைவிட மெல்லிய கால் எலும்பு. ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடு. ஒன்று மட்டும் மூக்கு நீண்டு வேறு மாதிரி இருந்தது, அது மூஞ்சூறு. கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன், அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவன், ஒரு எலியின் எலும்பு முழுவதையும் வெள்ளை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். அதைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினோம். விரட்டுகிற பேச்சு அப்புறம் எழவில்லை. நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

கூகையின் காது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அந்த வித்தியாசத்தை வைத்து எலி எந்தத் திசையில், எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். கண்ணே தேவையில்லை, கும்மிருட்டிலும் பிடிக்கும். காதால் மட்டுமே உலகத்தைத் தெரிந்துகொள்வதில் வானொலி நேயர்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் வயல்காரர்களுக்குக் கன்னிப்பூப் போகமானாலும் கும்பப்பூப் போகமானாலும், பயிர் பொதி கட்டுகிற சமயத்தில் எலிதான் எமன். வரப்பில் வளை போட்டு, தண்டை அடியில் அறுத்துச் சாய்த்துவிடும். வெட்டுகிற எல்லாவற்றையும் தின்னாது, பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கூகை ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கும், குஞ்சு இருந்தால் அதற்கும் மேல். அதற்கு வயலுக்கு நடுவே உட்கார ஓர் இடம் வேண்டும். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றி வைத்தால் போதும், பயிரைவிடக் கொஞ்சம் உயரமாக. கதிர் முற்றத் தொடங்கியதும் மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் நெல் கொத்துகிற குருவிகளுக்கு அதுவே நாற்காலியாகிவிடும்.

எனக்கு ஆற மாட்டாத ஒன்று உண்டு. நம் கூரையில் உட்கார்ந்தால் கல்லெறிகிற இதே பறவையை மலையாளத்தில் வெள்ளிமூங்ங என்பார்கள். புதையல் காட்டும், அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி அதைப் பிடித்துக் கள்ளத்தனமாக விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ஆக, சாவைக் கொண்டுவருகிற பறவையும் அதுவே, பணத்தைக் கொண்டுவருகிற பறவையும் அதுவே. பாவம், அதற்கு வேண்டியது எலி மட்டும்.

சரி, பாம்புக்கு வருவோம். நாகராஜா கோயிலால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு பாம்பைப் பேசாமல் விடமுடியாது.

கொம்பேறி மூக்கன் கதை தெரியாதவர்கள் யாரும் இருக்கமாட்டீர்கள். ஆளைக் கொத்திவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். புகையைக் கண்ட பிறகுதான் இறங்குமாம். நான் இதிலும் கண்ணால் கண்டது எது என்று தேடினேன். அது மரத்திலேயே வாழ்கிற பாம்பு. ஓணானையும் பல்லியையும் தவளையையும் பிடித்துத் தின்னும். மனிதனைக் கொல்லும் விஷம் அதற்கு இல்லை. மிதிபட்டாலோ ஆள் வந்தாலோ சரசரவென்று மேலே ஏறி, பாதி வழியில் நின்று தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். இந்தப் பார்வைதான் கதைக்கு மூலதனம். அது பயத்தில் பார்க்கிறது, நாம் புகையைத் தேடுவதாக எழுதிவிட்டோம்.

ஓர் அப்பிராணிப் பாம்பைக் கொன்றோம் என்பது மட்டும் என் வருத்தம் இல்லை. கொம்பேறி மூக்கனுக்காக முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள், காலடியில் இருக்கும் சருகைப் பார்ப்பதில்லை. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சிறிய குழிவிரியன் கிடக்கும். முழம் நீளம்தான், சருகின் நிறம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் அதை மிதிக்கிறார்கள். குட்டிப் பாம்புதானே என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களும் உண்டு. சிலருக்கு அது சிறுநீரகத்தைப் பாதித்துவிடும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகச் செய்தது. இந்தச் சின்னப் பாம்புக்கு அது கேட்காது. அதனால் எந்தப் பாம்பு கடித்தாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோ, அங்கே போய் டாக்டர் கண்பார்வையில் இருக்க வேண்டும். கயிறு கட்டவும் வேண்டாம், கத்தியால் கீறவும் வேண்டாம்.

வவ்வால் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆச்சிமார்களோடு வேறு விதமான சிக்கல். அவர்களுக்கு அது வேண்டப்பட்ட பிராணி. மணக்குடிப் பக்கத்தில் என் அம்மாவைப் பெற்ற பாட்டி, விடிந்ததும் பனைமரங்களின் அடியில் போய்ப் புன்னைக்கொட்டை பொறுக்குவார். வவ்வால் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கும். அதைச் செக்கில் கொடுத்து ஆட்டி விளக்கு எரித்தார்கள். கொல்லாம்பழத்திலும், அதாவது முந்திரிப்பழத்திலும், அப்படித்தான். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் போட்ட கொட்டையில் எத்தனை வவ்வால் பொறுக்கிக் கொடுத்ததோ. பொறுக்காமல் விட்டது முளைத்தது. கடற்கரையில் யாரும் நடாத இடத்தில் புன்னை நிற்பது அதனால்தான்.

இது நம் தலைமுறைக்கு மறந்துவிட்டது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கமும் மரத்தை வெட்டு, பட்டாசு போட்டு விரட்டு என்று பேச்சு. அந்தப் பயத்தை நான் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன். வைரஸ் பழந்தின்னி வவ்வாலிடம் இருக்கத்தான் செய்கிறது. சிறுவயதில் வவ்வால் கடித்த பழம்தான் இனிப்பு என்று தேடித் தின்றவன் நான். இப்போது பேரப்பிள்ளைகளைத் தொடவிடுவதில்லை. ஆனால் மரத்தை வெட்டினால் வவ்வால் செத்துப்போகாது. கலைந்து, பட்டினியில் அலைந்து, இன்னும் நாலு ஊருக்குப் போகும். அப்படி அலைக்கழிகிறபோது வைரஸ் அதிகமாக வெளியேறும் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கடித்த பழத்தை எறிந்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, மரத்தை அதன் பாட்டுக்கு விடுவதுதான் நமக்கும் லாபம். சட்டமேகூடப் பழந்தின்னி வவ்வாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியலில் நெடுங்காலம் வைத்திருந்தது. 2022இல் செய்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீங்கியது. சட்டத்துக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது, ஆச்சி ஒரு வாரத்தில் 'இருக்கலாம்' என்று சொல்லிவிட்டார்.

இந்த உரைக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அன்று ஒரு போன். என்னிடம் படித்தவன், இப்போது சொந்த வயலைப் பார்க்கிறான். "சாரே, நீங்க சொன்ன மாதிரி ஆறு மட்டை ஊணியாச்சு. நாலு ராத்திரி ஆச்சு, ஆந்தை ஒண்ணையும் காணல்லியே?" எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பழக்கப்பட நாளாகும், பொறுத்திரு, எலிக்கு விஷம் மட்டும் வைத்துவிடாதே, விஷம் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் செத்துப்போகும் என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நேத்தே வெச்சாச்சே, சாரே."

வணக்கம்.