ஒட்டுத்தாடி வைத்துக்கொண்ட சாம்பியன்

நண்பர்களே, வணக்கம். கத்தோலிக்கக் குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ராக்கி மார்சியானோவைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது, அவர் விட்டுச்சென்ற ஹெவிவெயிட் என்ற உச்ச எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பிடித்த ஃபிளாய்ட் பேட்டர்சனைப் பற்றி.

1935-இல் வட கரோலினாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளை. கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். வீட்டிலிருந்த தன் படத்தின் மேலேயே பெருக்கல் குறி கிறுக்கிவைத்த சிறுவன். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, சுரங்க ரயில் நிலையத்தில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த சின்ன அறைக்குள் ஏறிப் பதுங்குவான். செய்தித்தாளை விரித்து அதிலேயே தூங்கிவிடுவான். அப்புறம் சீர்திருத்தப் பள்ளி, பயிற்சியாளர் கஸ் டமாட்டோவின் பயிற்சிக்கூடம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம். 1956-இல் ஆர்ச்சி மூரை வீழ்த்தியபோது வயது 21. அதுவரை அத்தனை இளம் வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர் யாருமில்லை. கத்தோலிக்க மறையில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் இறங்குவது பெரிய விஷயமல்ல, யாரும் செய்வதுதான். எதிராளி விழுந்த பிறகு என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

1959 ஜூனில் சுவீடனின் இங்கமர் ஜொஹான்சன் மூன்றாவது சுற்றில் அவரை ஏழு முறை தரையில் தள்ளிப் பட்டத்தைப் பறித்தார். அவமானத்தில் பேட்டர்சன் வீட்டுக்குள் முடங்கினார். ஓராண்டு முழுக்க ஜொஹான்சனை வெறுத்ததாக அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டார். 1960 ஜூனில் மறுபோட்டி. ஐந்தாவது சுற்றில் பேட்டர்சனின் இடது கை வளைந்து வந்து தாடையில் விழுந்தது. ஜொஹான்சன் மல்லாந்து கிடந்தார். இடது கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இழந்த ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்பப் பிடித்த முதல் மனிதர், வெற்றிக் கூத்தை விட்டுவிட்டுக் கீழே மண்டியிட்டு ஜொஹான்சனின் தலையைத் தாங்கிக்கொண்டார். இனி யாரையும் அப்படி வெறுக்கக் கூடாது என்பது அன்று அவருக்கு வந்த எண்ணம்.

அதற்காக அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். 1962-இல் சிகாகோவில் சோனி லிஸ்டனோடு மோதப் போகும்போதே ஒட்டுத்தாடியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். ஜெயிக்கப் போகிறவன் யாராவது அதைக் கொண்டுபோவானா? முதல் சுற்றிலேயே தோற்றார். தாடியை ஒட்டிக்கொண்டு, ஆள் தெரியாமல் இரவோடு இரவாகக் காரில் ஊர் திரும்பினார். எனக்கு அவரை நெருக்கமாக்கியது இந்தத் தாடிதான். எங்கள் வீட்டிலும் தோற்ற நாளில் வாசல் பக்கம் வராதவர்கள் உண்டு.

ஜொஹான்சனும் அவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். கடல் தாண்டி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள். ஸ்டாக்ஹோம் மாரத்தானில் சேர்ந்து ஓடினார்கள். கடைசியில் இருவருக்குமே மறதி நோய் வந்தது. நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்த பேட்டர்சனிடம், 1998-இல் ஒரு வழக்கு விசாரணையில், யாரை வென்று பட்டம் பெற்றீர்கள் என்று கேட்டார்கள். ஆர்ச்சி மூர் என்ற பெயர் அவருக்கு நினைவில் வரவில்லை. பதவியை விட்டு விலகினார். 2006 மே மாதம் நியூ பால்ட்ஸில் காலமானார்.

சரி, நேரமாகிவிட்டது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.